தோய்ப்பு நாள்

அன்று அந்த நிலக்கீழ் அறையில் இருந்தவர்கள்:

செசில். சயீர் நாட்டுக்காரி. கின்ஷாசாவில் மருத்துவத் தாதியாக இருந்தவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்றதால் சூரிச்சில் ஒரு முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள். சுகாதாரக்காரர் அவளுக்கு ஒரு குறும்பயிற்சி கொடுத்து, ஆபிரிக்கப் பெண்களுக்கு வகுப்பெடு என்று ஒரு பெட்டியையும் கையில் கொடுத்திருந்தார்கள்.

அக்கோசுவா. கானாக்காரி. விமான நிலையத்தில் கழிவறை துப்புரவு. பெரிய குரல், பெரிய சிரிப்பு.

நக்காட்டோ. உகண்டாக்காரி. புருஷன் செத்துப்போனவள்.

செலாம். எரித்திரியாக்காரி. கலியாணம் கட்டி வந்து ஒரு குளிர்காலம்கூட முடியாதவள்.

றீற்றா. மன்னார், பேசாலை. வகுப்புக்கு அழைக்கப்படாதவள். ஆனால் அறை அன்று அவளுடையது.

ஒரு தோய்க்கிற மெசின். அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அதன் இரைச்சல் இல்லாவிட்டால் மற்றவர்கள் வாயே திறந்திருக்கமாட்டார்கள்.

ஆண்கள் எவரும் இல்லை. அதற்காகத்தான் அந்த அறை.

ஓர்லிகோனில் தண்டவாளத்தை ஒட்டி நின்ற பழைய கட்டடம் அது. ரயில் போனால் மேல்மாடிக் கோப்பைகள் ஆடும். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை தோய்ப்பு நாள் வரும். அறைக்குத் திறப்பு ஒன்றே ஒன்று. தோய்த்து முடித்தவர் அதை அடுத்தவரின் கதவுக் கைபிடியில் கொழுவிவிட்டுப் போவார். திறப்பு யாரிடமோ அறை அன்று அவருக்கு. கட்டடம் பார்க்கிற பொலிங்கர்கூடத் தட்டிக் கேட்டுத்தான் உள்ளே வருவார். இந்த நாட்டில் அகதிக்கு இல்லாத பாதுகாப்புத் தோய்ப்பு நாளுக்கு உண்டு.

வகுப்பு முதலில் தேவாலய மண்டபத்தில்தான் நடந்தது. வாசலில் ஒரு சுவரொட்டி. அதில் ஒரு கறுப்புப் பெண்ணின் முகம், கீழே எய்ட்ஸ் என்ற சொல். ஊரெல்லாம் பார்க்க அந்த வாசலுக்குள் நுழைந்தால் எங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்றல்லவா ஆகும் என்று புருஷன்மார் மறித்தார்கள். அதில் அவர்கள் சொன்னது பிழை இல்லை. வெள்ளைக்காரப் பெண்களுக்கு அப்படி ஒரு வகுப்பும் இருக்கவில்லை. அவர்களுடைய புருஷன்மார் விலைமாதர் நிற்கிற லாங்ஸ்ட்ராஸப் பக்கம் போவதே இல்லை என்று மேலே இருந்தவர்கள் நம்பினார்கள் போலும். ஆனால் மறித்த புருஷன்மார் சுவரொட்டியோடு நிற்கவில்லை. வகுப்பையும் சேர்த்து மறித்தார்கள்.

செசில் மூன்றாம் மாடியில் இருந்தாள். எந்த ஆணும் எட்டிப் பார்க்காத இடம் எது என்று யோசித்தாள். வந்து றீற்றாவின் கதவைத் தட்டினாள்.

"உன் நாளில் நாங்கள் கீழே இருக்கலாமா? கதிரை நாங்கள் கொண்டுவருவோம்."

ஜெர்மனில் எது கேட்டாலும் றீற்றா "யா, யா" என்றுதான் சொல்லுவாள். அன்றும் சொன்னாள். எதற்குச் சொன்னாள் என்பது, செசில் பெட்டியைத் திறந்து மரத்தாலான ஆணுறுப்பை எடுத்து மெசினுக்கு மேல் நிறுத்தியபோதுதான் தெரிந்தது.

அக்கோசுவா அதைச் சுற்றிப் பார்த்தாள். "இது சுவிஸ்காரனுடையது. நேராக, சுத்தமாக, ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கிறது."

றீற்றா ஒரு படுக்கைவிரிப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் வெளியே போகவில்லை. உடுப்பு மெசினுக்குள் கிடந்தது.

இது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம். வெளியே கிழமைக்கணக்காக மூடுபனி, பகலிலும் தெருவிளக்கு.

அவளுக்கு உள்ளே ஒரு வருத்தம் இருந்தது. இலையுதிர் காலத்தில் தொடங்கியது. அடிவயிற்றில் நோ, சுரம், வேறு சிலதும். விடியக்காலையில் அலுவலகங்கள் துடைக்கிற வேலை அவளுக்கு. குனிந்து குப்பைக்கூடை எடுக்கமுடியாமல் போனபிறகுதான் டொக்டரிடம் போனாள். மருந்து குடித்தாள், மாறியது. புருஷன் பேர்சி வீட்டுக்கு வந்தான், திரும்ப வந்தது.

பேர்சி லுசேர்ணில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது மரக்கறி வெட்டுகிற இடத்துக்கு வந்திருந்தான். அங்கேயே வேலையாட்களின் அறையில் படுப்பான். புதனும் வியாழனும் லீவு. அந்த இரண்டு நாளும் ஓர்லிகோன். மற்ற நாட்களில் அவன் எங்கே போனான், யாரிடம் போனான் என்று றீற்றாவுக்குத் தெரியாது.

இரண்டாம் முறை டொக்டர் அம்மா கையில் அடித்துச் சொன்னாள். "புருஷனும் குடிக்கவேண்டும். இருவரும் ஒரே நேரத்தில். அதுவரை ஆணுறை போடவேண்டும். இப்படியே விட்டால் உனக்கு இன்னொரு பிள்ளை இல்லை." அவனுக்கும் சேர்த்து ஒரு பெட்டி மருந்து எழுதிக் கொடுத்தாள்.

மகள் டயனாவுக்குப் பிறகு ஒன்று தங்கி, கரைந்துபோயிருந்தது. திருச்சியில் அகதியாக இருந்த மாமி தொலைபேசியில் கேட்பாள்: "உமக்கு ஒண்டும் நிக்குதில்லையோ பிள்ளை?" பேர்சியும் தமிழ்க்கடையில் நின்று நாலுபேர் கேட்கச் சொல்லியிருந்தான்: "அவளுக்கு உள்ளுக்குப் பலமில்லை." நோயைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். பலமில்லாதவள் அவள். இதைக் கேட்டுக்கொண்டு மிளகாய்த்தூள் வாங்கிவந்தவளும் அவள்தான்.

வாய் திறந்து சொல்லமுடியாததை றீற்றா தேத்தண்ணியில் கரைத்தாள். அவன் லீவில் வருகிற நாட்களில் அந்த மஞ்சள் குளிசையைத் திறந்து, தூளை ரின்பால் தேத்தண்ணியில் கொட்டி, சீனி கூடப் போட்டுக் கலக்கினாள்.

"என்ன, தேத்தண்ணி கயக்குது?"

"தேயிலை மாத்தினனான்."

அவன் குடித்தான். அவள் பூசையில் நன்மை எடுத்துவந்தவளைப்போல நிம்மதியாக இருந்தாள். அடுத்த மாதம் அடிவயிறு மறுபடி பிடித்தது.

அந்தத் தை மாதத்து வியாழனில், மற்றவர்கள் கதைத்துக்கொண்டிருக்க, கால்சட்டை மடித்தபடி அவள் கேட்டாள். அங்கே எல்லோரும் ஜெர்மனைத் தத்தம் பாட்டில் உடைத்துத்தான் கதைத்தார்கள். அதனால் கூச்சமும் பாதி உடைந்துபோயிருந்தது.

"மருந்து தேத்தண்ணியில் போட்டால் வேலை செய்யாதா?"

செசில் திரும்பினாள். "எந்த மருந்து? யாருக்கு?"

றீற்றா சட்டைப் பையில் இருந்த பெட்டியை நீட்டினாள். செசில் உள்ளே இருந்த கடதாசியை விரித்து வாசித்தாள்.

"பால் போட்ட தேத்தண்ணியா?"

"பால் இல்லாமல் அவர் குடிக்கமாட்டார்."

அக்கோசுவா கதிரையோடு ஆடிச் சிரித்தாள். "கடவுளே, இவள் மாட்டுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறாள்."

செசில் சிரிக்கவில்லை. "பால் இந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்புக்குள் விடாது. அதோடு கிழமையில் இரண்டு நாள் மட்டும் கொடுத்திருக்கிறாய். அரைகுறை மருந்து நோயைச் சாகடிக்காது. மருந்துக்குப் பழக்கிவிடும்." கடதாசியை மடித்தாள். "இன்னொன்று. ஒரு ஆளுக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கக்கூடாது. அவன் எப்படிப்பட்டவனாக இருந்தாலும். அவனிடம் சொல்லு."

"சொல்ல ஏலாது. எங்கள் ஆட்கள் இதைக் கதைப்பதில்லை."

"நாங்கள் மட்டும் கதைத்தோம் என்று நினைக்கிறாயா?" என்றாள் நக்காட்டோ. அவள் அதுவரை கதைக்கவே இல்லை. "என் புருஷன் வங்கியில் வேலை. கழுத்துப்பட்டி கட்டினவன். அவன் மெலிந்துபோனான். நான் கேட்கவில்லை. மரியாதையாக இருந்தேன். அவனும் சொல்லவில்லை. மரியாதையாகச் செத்தான். இப்போது அந்த மரியாதை என் இரத்தத்துக்குள் இருக்கிறது."

மெசின் சுற்றி முடிந்து நின்றது. எழுந்துபோய் அதன் கதவைத் திறக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிறகு செசில்தான் எழுந்தாள். உடுப்புக்கூடையைக் கவிழ்த்துவைத்தாள். "அக்கோசுவா, நீ இவளுடைய புருஷன். இரு."

அக்கோசுவா கூடைமேல் காலை அகட்டி உட்கார்ந்து, வயிற்றைத் தள்ளி, மூக்கை உறிஞ்சினாள். "களைப்பு. சாப்பாடு எங்கே?"

"மூன்று விஷயம் மட்டும் சொல்லு" என்றாள் செசில் றீற்றாவிடம். "எனக்கு வருத்தம் இருக்கிறது, உனக்கும் இருக்கிறது. மருந்து குடி, இரத்தமும் சோதி. முடியும்வரை உறை, இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. எங்கே பிடித்தாய் என்று கேட்காதே. கேட்டால் அவன் அந்தச் சண்டையைப் பிடித்துக்கொள்ளுவான், மருந்தை விட்டுவிடுவான்."

"டொக்டர் சொன்னா..." என்று றீற்றா தொடங்கினாள்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றாள் கூடைமேல் இருந்த புருஷன். "உனக்கு யார் இதெல்லாம் சொல்லித் தந்தது? என்னை நம்பவில்லையா நீ? உனக்கு வேறு ஆள் இருக்கிறானா? நான் யாருக்காக உழைக்கிறேன்?"

"இவளுக்கு எப்படித் தெரியும்?" என்று றீற்றா கேட்டாள்.

"எல்லாருடைய வீட்டிலும் ஒரே புருஷன்தான்" என்றாள் அக்கோசுவா. "பாஸ்போர்ட்தான் வேறு."

அன்று றீற்றாவால் முடிக்கமுடியவில்லை. இரண்டாவது விஷயத்தில் அழுதுவிட்டாள். திரும்பச் சொல்லு என்றாள் செசில். திரும்பவும் அழுதாள். கடைசியில் செலாம், தன் புருஷனின் பெயரைக்கூட உரக்கச் சொல்லாத பிள்ளை, அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்த மூன்றையும் கூடவே சேர்ந்து சொன்னாள். உடுப்பு ஈரத்தோடு கிடந்து நாறத் தொடங்கும்வரை சொன்னார்கள்.

அடுத்த தோய்ப்பு நாளுக்கு முதல் நாள், புதன்கிழமை, பேர்சி வந்தான். கடும் குளிர். ரயில் நிலையத்திலிருந்து நடந்துவந்து காதெல்லாம் சிவந்திருந்தது. அவள் சூடை மீன் பொரித்து, கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து, சம்பல் இடித்திருந்தாள். அவன் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிட்டான். அவன் கெட்டவன் இல்லை என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். பூசைக்குப் போவான், மகளுக்குச் சொக்கிலேற் கொண்டுவருவான், அடிக்கமாட்டான். இந்தக் கணக்கில் அரைவாசி ஊர் நல்லவர்கள்.

டயனா படுத்தபிறகு அவள் தொடங்கினாள்.

"இஞ்சாருங்கோ. ஒரு கதை கதைக்க வேணும்."

"நாளைக்குக் கதையும். களைப்பு."

"இண்டைக்கே. எனக்கு வருத்தம் இருக்கு. உங்களுக்கும் இருக்கு."

"என்ன வருத்தம்?"

"அது... அப்பிடியான வருத்தம். ரெண்டு பேரும் சேந்து மருந்து குடிக்க வேணுமாம். டொக்டர் தந்தவ. ரத்தமும் சோதிக்க வேணும்."

பேர்சி கையைத் துடைத்தான். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆர் உமக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது?"

"டொக்டர்."

"பொய். மேல்மாடித் தில்லையக்கா சொன்னவ எனக்கு. கடையிலை வைச்சு. உங்கடை மனிசி கறுவலச்சியளோடை நிலத்துக்குக் கீழை போயிருந்து என்னவோ செய்யிறா எண்டு. நான் நம்பேல்லை."

"உடுப்புத் தோய்க்கப் போறனான்."

"அவளவையோடை உமக்கு என்ன கதை?"

றீற்றா அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் செசில் சொன்ன மற்றக் கதையும் நெஞ்சுக்குள் கிடந்தது.

"நான் உங்களுக்குத் தேத்தண்ணியிலை அந்த மருந்தைப் போட்டுத் தந்தனான். அது பிழை. இனிச் செய்யமாட்டன். நீங்களா எடுத்துக் குடியுங்கோ."

பேர்சி கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். பிறகு 'நீர்' போய் 'நீ' வந்தது.

"தேத்தண்ணியிலையோ? அதுதானே கயத்தது. என்னடி போட்டனி? அவளவை தந்ததோ? சூனியக்காரியள் தந்த சாமானை எனக்குக் கலக்கித் தந்தனியோ?"

"டொக்டர் தந்த குளிசை. பெட்டி இருக்கு, பாருங்கோ."

"தில்லையக்கா சரியாத்தான் சொன்னவ. புருஷன்மாரை மயக்கிறதுக்கு அவளவையிட்டை தூள் இருக்காம்."

"உங்களை மயக்கி நான் என்ன செய்ய?" என்றாள் றீற்றா. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நான் உங்களைக் கிட்ட வரவேண்டாம் எண்டெல்லே சொல்லப் பாக்கிறன்."

அவன் பெட்டியைப் பார்க்கவில்லை. தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், தில்லைநாயகியிடம் நெடுநேரம் கதைத்தான். றீற்றா டயனாவின் கட்டிலில் படுத்தாள். காலையில் தேத்தண்ணி ஊற்றிவைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. தன் வீட்டில், தன் மனைவியின் கையால், நஞ்சு குடித்ததாக அவன் நம்பினான். நஞ்சு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்று யோசிக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

மகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, றீற்றா கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். மற்றவர்கள் வந்தார்கள். அக்கோசுவா அவளுடைய முகத்தைப் பார்த்து, "சொன்னாயா?" என்றாள்.

"இரண்டு சொன்னேன். மூன்றாவது முடியவில்லை."

"இரண்டு நல்லது" என்றாள் செசில்.

மெசின் இரண்டாம் தரம் சூடேறத் தொடங்கியபோது நடையில் கதவுகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பேர்சிக்குத் தோய்க்கிற அறை எது என்று தெரியாது. ஆறு வருடமாக அந்தக் கட்டடத்தில் இருந்தும் ஒருநாளும் அவன் கீழே இறங்கியதில்லை. குண்டு விழுந்தால் ஒளிக்கிற அறையின் கனத்த கொங்கிறீட் கதவை இழுத்துப் பார்த்தான். உருளைக்கிழங்கு அறையைத் திறந்தான். கடைசியில் இங்கே வந்தான். சறம், மேலே குளிருக்குப் போடுகிற ஜக்கற், காலில் செருப்பு.

அவன் தேடிவந்தது என்னவென்று அவனுக்குத்தான் தெரியும். எலும்போ, புகையோ, கோழித்தலையோ. கண்டது தோய்க்கிற தூள், கிளிப்புகள், கொடியில் தொங்கிய தன் உள்ளுடுப்பு, அதற்குக் கீழே கதிரைகளில் இருந்த பெண்கள்.

"மேலை வா" என்றான்.

"உடுப்புக் கிடக்கு."

"வா எண்டுறன். இவளவையின்ரை கதையைக் கேட்டு எனக்குத் தூள் கலக்கித் தந்தவள் நீ."

றீற்றா எழுந்து நின்றாள். அவள் அடுத்துச் சொன்னதைத் தமிழில் சொன்னாள். மூன்றையும் சேர்த்து அவள் தமிழில் சொன்னது அதுதான் முதல் தடவை. சுற்றி இருந்தவர்களுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது என்பது அவளுக்குத் துணிவாக இருந்திருக்கலாம்.

"எனக்குள்ளை வருத்தம் இருக்கு. அது உங்களிட்டை இருந்து வந்தது. எங்கை எண்டு நான் கேக்கேல்லை. மருந்தைக் குடியுங்கோ, ரத்தத்தைச் சோதியுங்கோ. அது முடியுமட்டும் உறை இல்லாமல் என்னைத் தொடக்கூடாது."

சொல் விளங்காவிட்டாலும் மூன்று விஷயமும் முடிந்தது மற்றவர்களுக்கு விளங்கியது. செலாமின் உதடுகள் கூடவே அசைந்து நின்றன.

"வெக்கமில்லையோ உனக்கு?" என்றான் பேர்சி. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை எண்டு சொன்னனான். ஆர் இதெல்லாம் உனக்குச் சொல்லித் தாறது, இவளவையோ?"

அக்கோசுவா மெல்ல எழுந்து, கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் காலை அகட்டி உட்கார்ந்தாள்.

"என்னிலை உனக்கு நம்பிக்கை இல்லையோ?"

அக்கோசுவா தலையாட்டினாள்.

"இல்லை, உனக்கு வேறை ஆரும் இருக்கிறானோ?"

"இனி உழைப்பு வரும்" என்றாள் அக்கோசுவா ஜெர்மனில், நக்காட்டோவிடம்.

"நான் ஆருக்காக அந்தக் குசினியிலை கிடந்து மாயிறன்?"

றீற்றாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அந்த நாலு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். மூடுபனிக் காலம் முழுக்க அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு சத்தம் கேட்டிருக்காது. பேர்சிக்கு எதற்கென்று விளங்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த எல்லாம் இரண்டு கிழமைக்கு முன்பே இந்தக் கூடையில் சொல்லி முடிந்துவிட்டது என்று அவனுக்கு எப்படித் தெரியும்.

அவமானப்பட்டவன் கையில் கிடைத்ததை எடுத்தான்.

"சிரி. உன்ரை ஆஸ்வைஸ் என்ரை பேரிலை. நான் ஒரு கடிதம் எழுதினால் நீயும் பிள்ளையும் பிளேன் ஏற வேணும். அதைச் சொல்லித் தந்தவளவையோ இவளவை?"

இதை அக்கோசுவா நடித்துக் காட்டியிருக்கவில்லை. சிரிப்பு நின்றது. ஆஸ்வைஸ் என்ற சொல் எல்லோருக்கும் விளங்கும். வதிவிட அனுமதி அட்டைக்குப் பெயர் அது, அந்த நாட்டில் முதலில் கற்றுக்கொள்கிற சொல். செசில் எழப்போனாள். நக்காட்டோ அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள்.

றீற்றா உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தாள்.

"எழுதுங்கோ. ஏன் அனுப்புறன் எண்டும் அதிலை எழுதுங்கோ. நீங்கள் எழுதாட்டி டொக்டர் எழுதித் தருவா. மாமிக்கும் நானே ஃபோன் எடுத்துச் சொல்லுறன், எனக்கு ஏன் ஒண்டும் நிக்குதில்லை எண்டு. கடையிலையும் சொல்லுறன். நீங்கள் சொன்ன அதே இடத்திலை நிண்டு."

"உனக்கு விசர்."

"ஓம்."

அவள் டொக்டரிடம் புதிதாக வாங்கிவைத்த மருந்துப் பெட்டியை எடுத்து அவனுடைய ஜக்கற் பைக்குள் வைத்தாள். அவன் கையை உயர்த்தவுமில்லை, தடுக்கவுமில்லை.

"ஏழு நாள். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. தண்ணியோடை. பால் கூடாது. குடிக்கிறதும் விடுறதும் இனி உங்கடை பாடு. குடிக்காட்டி லுசேர்ணிலையே நில்லுங்கோ, இஞ்சை வராதேங்கோ."

"இது என்ரை வீடு."

"அது மேலை" என்றாள் றீற்றா. "இது தோய்க்கிற அறை. இண்டைக்கு என்ரை நாள். வெளியிலை போங்கோ."

அவன் செசிலைப் பார்த்தான். செசில் அவனைப் பார்த்தபடி இருந்தாள். கூடைமேல் இருந்த மற்றப் புருஷன் காலைச் சேர்த்துக்கொண்டு, மரியாதையாக எழுந்து வழிவிட்டாள். அவன் கொடியில் தொங்கிய ஈர உடுப்புகளைக் குனிந்து கடந்து, நடைக்குப் போனான். அங்கே விளக்கு தானாக அணைந்திருந்தது. அதன் பொத்தான் எங்கே என்று அவனுக்குத் தெரியாது. இருட்டில் நின்றான்.

"றீற்றா" என்றான்.

அவள் பொத்தான் எந்தப் பக்கம் என்று சொன்னாள். பிறகு கதவைச் சாத்தி, திறப்பை இரண்டு தரம் திருப்பினாள்.